அந்தச் சிரிப்பு சம்மதம் இல்லை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘பிள்ளைகளைப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பது விளையாட்டா, வதையா?’ என்பது தலைப்பு. வதைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், “கூப்பிட்டால் பிள்ளைகளே சிரிக்கிறார்களே, அப்புறம் என்ன வலி?” என்று கேட்டார். சரி, அந்தப் பிள்ளை வேறு என்ன செய்யும்? கோபப்பட்டால் ‘ரோஷத்தைப் பாரு’ என்று இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். அழுதால் ‘அழுமூஞ்சி’ என்று இரண்டாவது பெயர். ஆசிரியரிடம் போய்ச் சொன்னால் ‘கோள்மூட்டி’ என்று மூன்றாவது. எல்லா வழியும் அடைபட்ட பிறகு மிஞ்சுவது சிரிப்பு ஒன்றுதான். அதைப் போய்ச் சம்மதம் என்கிறீர்களே!

திட்டினால்கூடப் பரவாயில்லை என்பேன். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று திட்டினால், நாளைக்கு எழுதிவிட்டால் திட்டு நின்றுவிடும். ‘குட்டையன்’ என்றால் அவன் நாளைக்கு என்ன செய்துவிட்டு வர முடியும்?

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902-லேயே எழுதினார்: மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோமோ, அதை வைத்துத்தான் நம்மைப் பற்றிய எண்ணம் நமக்குள் உருவாகிறது. பெரியவர்களுக்குத் தொழில், சம்பாத்தியம், சிநேகிதம் என்று தன்னை எடைபோட நாலு இடம் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு வீடும் வகுப்பும் தெருவும்தானே உலகம்!

அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் வகுப்பில் ‘சோடாபுட்டி’ என்று ஒரு குரல் கேட்டால் போதும், அந்தக் கண்ணாடி பைக்குள் போய்விடும். கரும்பலகை தெரியாது. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வராது. மதிப்பெண் குறையும். கடைசியில் அதே பிள்ளைக்கு ‘மக்கு’ என்று பெயர். ஒரு பட்டப்பெயர் இன்னொன்றைப் பெற்றெடுக்கிறது, நடுவர் அவர்களே! பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது.

‘திக்குவாய்’ என்று கேலிக்கு ஆளான பிள்ளை விடை தெரிந்தும் கை தூக்காது. ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் முறை நெருங்கும்போதே அதற்கு வியர்க்கும். பேசப் பயந்து ஒதுங்க ஒதுங்க அந்தப் பயம் கூடத்தான் செய்யும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பள்ளியில் பிரம்பைக் கேள்வி கேட்கப் பழகிவிட்ட பெற்றோர், ஆசிரியர் வைத்த பட்டப்பெயரை இன்னும் கேட்பதில்லை. காரணம், வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

“பெண்ணை அன்பாகத்தான் கருப்பி என்கிறோம்” என்றும் நண்பர் சொன்னார். அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அன்பான பெயர்தான் என்றால், மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும் நாளில் மட்டும் வீட்டில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வராதது ஏன்?