லிசியன் பாதையில் தண்ணீரைத் தேடி

நேயர்களுக்கு வணக்கம். துருக்கியின் தென்மேற்குக் கரையில், ஃபெத்தியே பக்கத்திலிருந்து அந்தால்யாவை நோக்கிச் சுமார் 540 கிலோமீட்டர் நீள்கிறது லிசியன் பாதை. லிசியா என்பது இந்தக் கரைப்பகுதியின் பழங்காலப் பெயர். பழைய ரோமானியச் சாலைகளையும் இடையர் தடங்களையும் கோத்து, 1999-இல் நடைபாதையாக்கினார்கள்.

கடலோரப் பாதை என்றதும் அலையில் கால் நனைய நடப்பதாக நினைத்துவிடாதீர்கள். இங்கே மலை நேரே கடலில் இறங்குகிறது. பாதையும் பலமுறை ஏறி இறங்கும். அத்தனையும் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை விரிசல்களில் இறங்கிவிடும், ஓடையாக நிற்காது. அதனால் கடல் கண்ணெதிரே இருக்க, தாகத்தில் தவிப்பவர்கள் உண்டு. மார்ச் முதல் மே வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை போகலாம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். ஆளுக்கு 3 லிட்டராவது கையில் இருக்க வேண்டும்.

வழியில் குவிமாடக் கூரை போட்ட கல் தொட்டிகள் தென்படும். சரிவில் வழியும் மழைநீரைச் சேர்த்துவைக்க ஊர்க்காரர்கள் கட்டியவை. வாளி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மெல்லிய கயிறும் சிறு பாத்திரமும் எடுத்துச் செல்லுங்கள். ஆடுகள் புழங்கும் இடம், ஆகவே கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. கோடை முடியும்போது பல தொட்டிகள் வறண்டிருக்கும்.

இந்தத் தாகம் தெரிந்தால்தான் தெலிக்கெமரின் அருமை புரியும். பத்தாரா நகருக்கு நீர் கொண்டுபோன ரோமானியக் கால்வாய் அது. நடுவே தாழ்வான கணவாய் குறுக்கிட்டபோது, நீண்ட மதில் எழுப்பி, அதன் மேல் துளையிட்ட கற்களை வரிசையாக அடுக்கினார்கள். அருகில் போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு கல்லிலும் ஒரு முகத்தில் துளையைச் சுற்றி விளிம்பு புடைத்திருக்கும், மறுமுகத்தில் அதற்கேற்ற பள்ளம். ஒன்றுக்குள் ஒன்று கவ்விக்கொள்ள, மொத்தமும் ஒரே குழாய். ஒரு பக்கம் இறங்கிய நீர் தன் அழுத்தத்திலேயே மறுபக்கம் ஏறிவிடும். என் கணக்கில், இந்தப் பக்கம் எல்லோரும் பார்க்கப் போகும் பழைய லிசியக் கல்லறைகளைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

பத்தாராவில் லிசிய நகரங்களின் கூட்டமைப்பு கூடிய மன்றம் இருக்கிறது. 23 நகரங்கள், பெரியவற்றுக்கு 3 வாக்கு, நடுத்தரத்துக்கு 2, சிறியவற்றுக்கு 1.

வழி தவறுவது பெரும்பாலும் ஆட்டுத் தடங்களால்தான். அவை பாதையைவிடத் தெளிவாகத் தெரியும். பாறையில் சிவப்பு, வெள்ளைக் கோடுகள் இருந்தால் சரியான வழி. சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. 100 மீட்டர் நடந்தும் குறி தென்படவில்லையா, கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்பிவிடுங்கள். குறுக்கே இறங்கினால் முட்புதரில்தான் மாட்டுவீர்கள். பாறை முனைகள் கத்திபோல இருக்கும்; தடித்த அடியுள்ள காலணியும், இறக்கத்துக்கு ஊன்றுகோலும் வேண்டும். காவல் நாய் குரைத்தால் ஓடாமல் நின்று, மந்தையைச் சுற்றிப் போங்கள்.

பத்தாராவின் நீண்ட மணற்கரையில் கூடாரம் போட ஆசை வரும். போடாதீர்கள். கோடை இரவுகளில் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் இடம் அது. ஊருக்குள் தங்கிவிட்டு, விடிந்ததும் கரைக்கு வாருங்கள்.