கல்லை நனைத்துப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. இந்நேரம் உங்களில் பலர் சமையற்கட்டில்தான் இருப்பீர்கள். கை கொஞ்சம் ஓய்ந்தால் மேடையை ஒரு தடவை தடவிப் பாருங்கள். அந்தக் கல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சேலத்தில் முப்பது வருஷம் கல்லூரியில் நிலவியல் நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை ஏற்காடு மலைப்பாதைக்குக் கூட்டிப்போவேன். அடிவாரம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பாறையை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் வண்டியை நிறுத்துவோம். வெளியே பழுப்பேறிக் கிடக்கும் பாறையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், உள்ளே எண்ணெய் தடவியது போல நீலமும் சாம்பலுமாக மின்னும். "சார், கிரானைட்தானே?" என்பார்கள். கிட்டத்தட்ட அதன் பங்காளி என்பேன். அதன் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை இருக்கிறது. அதில் பதித்த கல் நம் சென்னைப் பக்கத்துக் கல். தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரையே இந்தப் பாறை இனத்துக்கு வைத்து, 1900-ல் விரிவாக எழுதினார். பரங்கிமலையிலும் இதே இனம்தான், நம் சேர்வராயன் மலையும் இதே இனம்தான். சுமார் 250 கோடி வருஷத்துப் பாறை! இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

சரி, மேடைக்கு வருகிறேன். கடைக்காரர்களுக்குக் கெட்டியாக இருந்து பாலிஷ் ஏறுகிற கல் எல்லாமே கிரானைட்தான். கறுப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதி டோலரைட் போன்ற வேறு பாறை. அதில் குறையொன்றும் இல்லை, நெருக்கமான கல், எண்ணெய் இறங்காது. ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

அஸ்தம்பட்டியில் என் தங்கை அப்படித்தான் வாங்கினாள். கண்ணாடி போல, முகம் தெரிகிற கறுப்பு. குடிபோன முதல் வாரமே மேடை துடைக்கிற வெள்ளைத் துணி கறுத்தது. அடுப்புக் கரி என்று நினைத்தாள். ஆறு மாதத்தில் அடுப்பைச் சுற்றிலும், சோப்பு போட்டுத் தினமும் தேய்க்கிற இடமெல்லாம் சாம்பல் நிறம் தெரிந்துவிட்டது. சாம்பல் கல்லுக்குச் சாயம் பூசிக் கொடுத்திருக்கிறார்கள். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்து, கடையிலேயே ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய்த்திருந்தால் பஞ்சு காட்டிக் கொடுத்திருக்கும்.

நான் இதைவிட நம்புவது ஒரு வாளித் தண்ணீரை. கல் அறுக்கிற பட்டறையில் ஒரு பெரியவர் எனக்குக் காட்டியது இது. நிறுத்தி வைத்திருந்த முழுப் பலகையின் மேல் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டு, "இருங்க சார்" என்று பீடி பற்றவைத்தார். பீடி பாதி கரைவதற்குள் பலகை காய்ந்துவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் தலைமுடி போல ஒரு ஈரக்கோடு குறுக்கே நின்றது. விரிசல்! மேலே பசை நிரப்பிப் பாலிஷ் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு அவர் அரை பீடியில் நடத்திய பாடம் அது. ஆகவே கையளவு மாதிரித் துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போகிற பலகையையே நனைத்துப் பாருங்கள். மறுபடி சொல்கிறேன், அந்தப் பலகையையே.

அப்புறம், எலுமிச்சை. பழைய கடப்பா மேடையில் புளிக்கரைசல் சிந்திய இடம் வெளுத்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடப்பா சுண்ணாம்புக் கல், புளிப்பு அதை அரிக்கும். வாங்கப்போகிற கல்லின் துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். பளபளப்பு மங்கினால் அந்தக் கல் மேடைக்கு ஆகாது. வெளிர்நிறக் கல் ஆசைப்படுகிறவர்கள் துண்டில் எண்ணெயும் மஞ்சளும் குழைத்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். வெள்ளைக் கற்கள் சிலவற்றில் கறை உள்ளே இறங்கிவிடும்.

கனத்தையும் பதிப்பதையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. டேப்பை நீங்களே வைத்து அளங்கள். முன்விளிம்பில் மட்டும் பட்டை ஒட்டிக் கனமாகக் காட்டியிருப்பார்கள், பின்விளிம்பில் அளக்க வேண்டும். சிங்க்குக்கு வெட்டிய பிறகு முன்னால் மிஞ்சுவது இரண்டு மூன்று அங்குலம்தான், கல் உடைவது பெரும்பாலும் அங்கேதான். அதற்கு அடியில் தாங்கல் கல் வைத்தாரா என்று மேஸ்திரி பூசி மூடுவதற்கு முன்பே குனிந்து பார்த்துவிடுங்கள். வணக்கம்.