காகிதப்பூவைப் பட்டினி போடுங்கள்

[காட்சி: மலேசியாவின் கெடா மாநிலம், சுங்கைப்பட்டாணி. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வேலி. பச்சைப் புதராக ஒரு காகிதப்பூச் செடி. ஒரு பூகூட இல்லை.]

வணக்கம். இது என் வீட்டுச் செடி. மூன்று வருடமாகக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன், மாதம் தவறாமல் உரம் போட்டேன். இலைதான் வந்தது. இதே சாலை முனையில், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், யாரும் சீண்டாத இன்னொரு காகிதப்பூ இருக்கிறது. பிப்ரவரி வந்தால் போதும், பின்னால் இருக்கும் கம்பிவேலியே தெரியாத அளவுக்குப் பூத்து நிற்கும்.

எதிர்வீட்டுத் தாத்தா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். ஒருநாள் என் செடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேளாவேளைக்குக் கொடுத்துக் கொடுத்துச் சோம்பேறியாக்கிட்டியே தம்பி. ரெண்டு வாரம் பட்டினி போடு."

அவர் சொன்னது ஏன் சரி என்று பார்ப்போம்.

[காட்சி: ஒரு பூவின் மிக நெருக்கமான படம்.]

நாம் பூ என்று சொல்லும் இந்த ரோஜா நிறத் தாள்கள் பூவே இல்லை, நிறம் மாறிய இலைகள். நடுவில் குட்டியாக, வெள்ளையாக ஒரு குழாய் தெரிகிறதா? அதுதான் பூ. அந்திமந்தாரைக்கு இது ஒருவகையில் பங்காளி, இரண்டும் ஒரே குடும்பம்.

பிறந்த இடம் தென் அமெரிக்கா. 1760களில் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பயணக் குழுவில் வந்த தாவரவியலாளர் கொமர்சோன் பிரேசிலில் இதைச் சேகரித்தார். செடிக்குப் பயணத் தலைவரின் பெயர் வந்தது: பூகன்வில்லியா. கொமர்சோனுக்கு உதவியாக ஆண் வேடத்தில் போன ஷான் பாரே என்ற பெண், உலகைச் சுற்றி வந்த முதல் பெண்ணாகப் பின்னாளில் பெயர் பெற்றார். பெயர் யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. சரி, செடிக்கு வருவோம்.

[காட்சி: ஒரு கிளை. இலைக் கக்கத்தில் முள். அடுத்த கிளையில், அதே இடத்தில் பூக்கொத்து.]

இந்த இரண்டு கிளைகளையும் நன்றாகப் பாருங்கள். ஒன்றில் முள் இருக்கும் இடத்தில் இன்னொன்றில் பூ இருக்கிறது. இது தற்செயல் இல்லை. இலைக் கக்கத்து மொட்டு ஒன்றுதான், அது முள்ளாகவும் போகலாம், பூக்கொத்தாகவும் போகலாம். நல்ல வெயிலும் குறுகிய பகலும் அதைப் பூவின் பக்கம் தள்ளும். நிழலில் வைத்து, தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கொடுத்தால் கிளை நீளும், இலை பெருகும், முள் வரும். அதாவது மூன்று வருடம் நான் பாசமாக முள் வளர்த்திருக்கிறேன்.

சென்னையில் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர். நமக்கு 2000-க்கு மேல். வறட்சி தாங்கும் செடி என்று கேட்டு வாங்கி வந்து மழையில் விட்டுவிடுகிறோம். கெடாவில் ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் வானம் கொஞ்சம் கைவிடும். பால்மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் அதே நாட்களில்தான் பேருந்து நிறுத்தச் செடி பூக்கிறது. மற்ற மாதங்களில் அந்த வறட்சியை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

[காட்சி: மண் கலக்கும் கைகள்.]

அதனால் தரையைவிடத் தொட்டியே மேல், மழை வந்தால் நகர்த்தலாம். மண், மணல், உமிக்கரி மூன்றும் சம பங்கு. நெல் விளையும் மாநிலத்தில் இருக்கிறோம், உமிக்குப் பஞ்சமில்லை. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேரும் அழுகும், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவும் குடியேறும். நாற்றை மாற்றும்போது அது வளர்ந்த பிளாஸ்டிக் பையை, அதாவது பாலிபேக்கை, கத்தியால் கிழித்து எடுங்கள். பிடித்து இழுத்தால் வேர் அறுந்துவிடும், இந்தச் செடி அதை மன்னிக்காது. குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். வெயில் இல்லாத வீடா? வேறு செடி பாருங்கள்.

இப்போது பட்டினி. தண்ணீரை நிறுத்துங்கள். இளம் இலைகள் லேசாகத் தொங்கும். அந்த நேரத்தில் மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. தொங்கிய பிறகு ஒருமுறை, அடித் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். மறுபடி காய விடுங்கள். இலை சுருண்டு உதிரும்வரை விடுவது பட்டினி இல்லை, கொலை. இப்படி இரண்டு மூன்று வாரம் போனால் நுனிகளில் மொட்டு தெரியும். தெரிந்ததும் வழக்கம்போல் அளவாக ஊற்றலாம். யூரியா பக்கம் போகாதீர்கள், அது முழுக்கத் தழைச்சத்து. கடையில் கிடைக்கும் நீல உரம், 12-12-17 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு), ஒரு தேக்கரண்டி போதும்.

பூப்பது புதுக் கிளையில்தான். ஆகவே ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் வெட்டிவிடுங்கள். நான் டிசம்பர் தொடக்கத்தில் வெட்டுகிறேன், தைப்பூசத்தை ஒட்டிப் பூத்துவிடுகிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய குச்சியில் பென்சில் பருமன் உள்ளதை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். வேர் வந்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்க்கும் ஆள் எங்கள் வீட்டில் ஒருவர் உண்டு, பெயர் சொன்னால் அம்மா கோபப்படுவார்.

[காட்சி: அதே வேலி, பிப்ரவரி. தொட்டி நிறையப் பூ. பின்னால் இடிச் சத்தம்.]

கேட்டதா? மழை வருகிறது. தொட்டியைக் கூரைக்குள் இழுக்க வேண்டும். தாத்தா, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க.