பாலமும் அதன் இரண்டு கரையும்

திருநெல்வேலி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நெடுஞ்சாலை வேலையில், அதிலும் பாலம் கட்டுகிற இடங்களில், என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஓய்வுபெற்ற பிறகும் ஆற்றைத் தாண்டும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்க்கிற பழக்கம் விடவில்லை. அதனால் இன்றைக்கு நம் ஊர்ப் பாலங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். படம் போட்டு விளக்க வேண்டிய சங்கதி எதுவும் இல்லை. நீங்கள் தினமும் கடக்கிற இடங்கள்தான்.

நம் ஊரின் அமைப்பை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். டவுன், ஜங்ஷன், பேட்டை, தச்சநல்லூர் எல்லாம் தாமிரபரணி ஆற்றுக்கு ஒரு பக்கம். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் மறுபக்கம். நெல்லையப்பர் இந்தக் கரையில் இருக்கிறார், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி அந்தக் கரையில் இருக்கிறது. ரயில் ஏற இந்தப் பக்கம், கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க அந்தப் பக்கம். ஆற்றைத் தாண்டாமல் இங்கே ஒரு குடும்பம் ஒரு வாரத்தை ஓட்டுவது கஷ்டம். ஆகவே பாலம் நமக்கு வீட்டு வாசப்படி மாதிரி. அதில் ஒரு கல் பெயர்ந்தால் ஊரே தடுக்கி விழும்.

முதலில் சுலோசன முதலியார் பாலம். அந்தப் பாலம் வருவதற்கு முன் கொக்கிரகுளத்தில் ஓடத்துறைதான். ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் ஓடம் போகாது, இரண்டு ஊரும் தனித்தனியாகிவிடும். ஓடத்துக்குக் காத்திருந்த கூட்டத்தில் கலவரம் வந்து உயிர்கள் போனதாகவும், அதற்குப் பிறகுதான் கலெக்டர் தாம்சன் பாலம் கட்டியே தீருவது என்று முடிவெடுத்ததாகவும் வழிவழியாகச் சொல்லுவார்கள். வரைபடம் போட்டவர் ஹார்ஸ்லி என்ற அதிகாரி. லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் 11 வளைவுகள். பணம் எங்கே? ஜனங்களிடம் வசூல் பண்ணலாம் என்று யோசனை ஓடியது. அப்போது கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், சுமார் அரை லட்சம் ரூபாய்ச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டார். 1840-களின் அரை லட்சம்! 1843-இல் பாலம் திறந்தது.

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் இதன் அடுத்த பகுதியைச் சொல்ல ஆள் குறைவு. 1869-இல் வந்த வெள்ளத்தில் அந்தப் பாலத்தில் ஒரு பகுதி போய்விட்டது. 1871-இல் திரும்பக் கட்டினார்கள். பிற்பாடு அகலப்படுத்தினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்திலேயே இன்னொரு பாலமும் வந்தது. ஆக, நாம் பார்க்கிற பாலம் ஒரே நாளில் கட்டி முடித்த பாலம் அல்ல. வெள்ளம் கெடுத்ததும், மனிதர்கள் திரும்ப எடுத்துக் கட்டியதும் சேர்ந்ததுதான் அது.

சரி, இனி பாலத்துக்கு அடியில் போவோம்.

ஆற்று மணலில் ஒரு தூண் எப்படி நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பல பாலங்களில் தூணுக்குக் கீழே ஒரு கிணறு இருக்கிறது. தண்ணீர் எடுக்கிற கிணறு இல்லை. மணல்மேல் வட்டமாகக் காங்கிரீட் சுவர் எழுப்புவார்கள். அதன் அடிவிளிம்பில் கத்திபோல இரும்பு இருக்கும். உள்ளே மணலை அள்ள அள்ள, சுவர் தன் பாரத்திலேயே மெல்லக் கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே சுவரைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். பாறையோ, கெட்டியான தரையோ கிடைக்கும்வரை இறக்கி, அடியைக் காங்கிரீட்டால் அடைத்து, அதன்மேல் மூடி போட்டு, அந்த மூடியின்மேல்தான் தூண்.

இப்படி ஒரு கிணறு இறக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். இடம் எது என்பது முக்கியமில்லை. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கிணறு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கண்ணுக்கே தெரிகிற சாய்வு. அடியில் ஒரு பக்கம் களிமண், மறுபக்கம் வெறும் மணல். மணல் பக்கம் வேகமாக இறங்கிவிட்டது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பதறிப்போய், தாழ்ந்த பக்கத்தை எப்படித் தூக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை டன் சுவரை யாரால் தூக்க முடியும்?

அங்கே ஒரு வயசான மேஸ்திரி இருந்தார். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். அவர் கிணற்றைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சுவரின் வெளிப்பக்கம் நான்கு திசையிலும் சிவப்புப் பெயின்டில் அடிக்கணக்கு எழுதிவைத்திருந்தார், அதைப் படித்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சார், தாழ்ந்த பக்கம் ஒருத்தனும் கை வைக்கப்படாது. ஒசந்த பக்கத்து மண்ணை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அள்ளணும். அவசரப்பட்டா எதிர்ப்பக்கம் சாஞ்சிரும்லா."

அப்படியே செய்தோம். உயர்ந்த பக்கத்தின் தலைமேல் மணல் மூட்டைகளை அடுக்கினோம். உள்ளே அந்தப் பக்கத்துக் களிமண்ணை மட்டும் சுரண்டி எடுத்தோம். சுவருக்கு வெளியே குழாய் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி, மண்ணின் பிடியைத் தளர்த்தினோம். முதலில் அசைவே இல்லை. கிணறு ஒரு விரற்கடை இறங்கினால் அண்ணாச்சி வேலையை நிறுத்திவிடுவார். தூக்குக்குண்டைப் பார்ப்பார், நான்கு பக்கமும் எழுத்தைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் அடுத்த சட்டி மண். ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாட்கள் போயின, கிணறு நிமிர்ந்தது. புத்தகத்திலும் அந்த முறைதான் எழுதியிருக்கிறது. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். இன்று அந்தத் தூணின்மேல் பஸ் ஓடுகிறது. அண்ணாச்சியின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இதை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கிணற்றைச் சுற்றியிருந்து பிடித்துக்கொண்டிருப்பது மணல். வெள்ளக் காலத்தில் தண்ணீர் தூணில் மோதி, கீழ்நோக்கிச் சுழன்று, தூணின் காலடி மணலைத் தோண்டும். வெள்ளம் வடியும்போது அந்தப் பள்ளத்தில் மணல் திரும்ப வந்து படிந்துவிடும். அதனால் மறுநாள் போய்ப் பார்க்கிறவருக்கு எதுவும் நடக்காததுபோலத் தெரியும். இப்படி ஒவ்வொரு வெள்ளத்திலும் பறிபோய்த் திரும்பி வருகிற மணலை, நாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால்? ஆற்றுப்படுகை ஒரேயடியாகத் தாழ்ந்துபோகும். மண்ணுக்குள் இருக்க வேண்டிய கிணற்றுச் சுவர் வெயிலில் நிற்கும். தாமிரபரணி மணலுக்காகத் தோழர் நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடி, 2010-இல் தடை வாங்கினார். அது குடிதண்ணீருக்காகவும் விவசாயத்துக்காகவும் நடந்த வழக்கு. பாலத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் தூண்களுக்கும் அது பெரிய காவல்.

தண்ணீர் மோதுகிற இடத்தைப் பற்றிச் சொல்லும்போது குறுக்குத்துறை முருகனை விட்டுவிட முடியாது. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோவில். வெள்ளம் வருகிற திசையில் அதன் கட்டுமானம் படகின் முனைபோல ஒடுங்கி இருக்கும். தண்ணீர் வந்து மோதி, இரண்டாகப் பிரிந்து, பக்கவாட்டில் போய்விடும். வெள்ள அறிவிப்பு வந்தால் உற்சவரை மேலக்கோவிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். 1992 வெள்ளத்தையும் 2023 வெள்ளத்தையும் அந்தக் கோவில் பார்த்துவிட்டது. பாலத் தூணுக்கு முன்முகத்தைக் கூராக வைப்பதும் இதே கணக்குத்தான். ஆற்றை எதிர்த்து நிற்கக் கூடாது, அதற்கு வழிவிட்டு நிற்க வேண்டும் என்பது நம் ஊர் ஸ்தபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பாலம் என்றதும் எல்லாரும் தண்ணீருக்கு மேலே இருக்கிற பகுதியைத்தான் நினைக்கிறோம். ஆபத்து பெரும்பாலும் அங்கே இல்லை, இரண்டு கரையிலும் இருக்கிறது. பாலத்துக்கு ஏறிப் போவதற்காக இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டி மேடாக்கிச் சாலை போடுகிறோம் அல்லவா, அந்த இணைப்புச் சாலை. அது ஆற்றங்கரை வயலிலும் தோப்பிலும் குறுக்கே ஓர் அணைபோல நிற்கிறது. முன்பு வெள்ளம் கரை தாண்டினால் அகலமாகப் பரவி, வயல்களில் நின்று, பொறுமையாக வடியும். இப்போது எல்லாத் தண்ணீரும் பாலத்தின் கண்கள் வழியாக மட்டும் போக வேண்டியிருக்கிறது. போக முடியாத தண்ணீர் மேட்டுச் சாலையில் முட்டி, ஏறி, மண்மேடும் பாலத்தின் கடைசிச் சுவரும் சேருகிற இடத்தில் உடைக்கும். ஏனென்றால் அங்கேதான் கட்டடம் முடிந்து மண் தொடங்குகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் மழை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் தண்ணீர். மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை வீடுகளுக்குள் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். அங்கே தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதைப் படத்தில் பார்த்தோம். ஏரலில் உயர்மட்டப் பாலத்தின் இணைப்புச் சாலை அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் சொல்கிறேன், போனது இணைப்புச் சாலை. தூண்கள் நின்றன. தூண் நின்று என்ன பிரயோஜனம், ஏறுவதற்கு வழி இல்லையே?

ஆகவே, பாலம் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கை இந்த இரண்டு பக்கத்துக்கும் ஒதுக்க வேண்டும். மேட்டுச் சாலையில் வெள்ளம் கடந்துபோகக் கூடுதல் கண்கள் வேண்டும். சரிவில் கல் பாவ வேண்டும். பாலம் பத்து மீட்டர் நீண்டால் செலவு கூடும்தான். அறுந்துபோன சாலையைத் திரும்பப் போடுகிற செலவும், அதுவரை ஜனங்கள் சுற்றிப்போகிற செலவும் அதைவிட அதிகம்.

இதே காரணத்துக்காகத்தான் எனக்குத் தாம்போதிமேல் மரியாதை உண்டு. கருப்பந்துறையில் இருக்கிறதே, அந்த மாதிரித் தரைப்பாலம். ஒவ்வொரு மழைக்கும் மூழ்கும், போலீஸ் தடுப்பு வைப்பார்கள், மேலப்பாளையத்துக்காரர்கள் சுற்றிப் போவார்கள். அங்கே உயர்மட்டப் பாலம் வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. ஆனால் புதிய பாலம் வந்ததும் தாம்போதியைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. அது தண்ணீரைத் தலைக்கு மேலே போகவிடும், வெள்ளம் வடிந்ததும் திரும்ப வேலைக்கு வரும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டும் இருப்பது நல்லது.

பராமரிப்பு பற்றி ஒரே ஒரு விஷயம். பழைய பாலத்தின் கல் இடுக்கில் காக்கை எச்சத்திலிருந்து ஓர் அரசங்கன்று முளைக்கும். இரண்டு இலை இருக்கும்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஒரு மழைக்காலம் விட்டால் வேர் சுண்ணாம்பைத் தேடி உள்ளே போய்விடும். மேலே வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். இன்னும் விட்டால் கல்லைப் பிரித்துக்கொண்டு வேர் வெளியே வரும், அப்போது கல்லைப் பெயர்க்காமல் வேரை எடுக்க முடியாது. அதேபோல, பாலத்தின் ஓரத்தில் மழைநீர் வடிவதற்குச் சின்னச் சின்னக் குழாய்கள் வைத்திருப்பார்கள். அதில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பாலத்தின்மேலேயே நின்று, காங்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஒரு கம்பியும் ஒரு வாளித் தண்ணீரும் போதும், குத்திவிட்டுக் கழுவிவிடலாம். திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிற அக்கறையில் கொஞ்சம் இதற்கும் வேண்டும். நடந்து போகிறவர்கள் நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள். கன்று முளைத்திருந்தால், பாலத்தில் தண்ணீர் நின்றால், எழுதிக் கொடுங்கள். திரும்பத் திரும்ப எழுதிக் கொடுங்கள்.

ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தைப் பற்றியும், குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் ஜனங்கள் காத்துக் கிடப்பதைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிலையத்தார் நேரத்தைக் காட்டுகிறார்கள். அதனால் மேற்குப் புறவழிச்சாலையைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

தாழையூத்திலிருந்து கொங்கந்தான்பாறை வரை என்று திட்டமிட்ட அந்தச் சாலை ஆற்றைக் கடக்கிறது. அதோடு கால்வாய்கள், குளத்து ஓடைகள், வயல் வடிகால்கள் எத்தனையோ அதன் குறுக்கே வருகின்றன. ஆற்றுப் பாலத்தை எல்லாரும் கவனிப்பார்கள். ஓடைமேல் போடுகிற சிறுபாலத்தைக் கவனிக்க ஆள் இருக்காது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிற பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1992-இல் தண்ணீர் எதுவரை வந்தது, எந்த ஓடை எந்தப் பக்கம் திரும்பியது என்பது உங்களுக்குத் தெரியும். சர்வே எடுக்க வருகிற பொறியாளரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அந்த இடத்தைச் சுவரில், மரத்தில் தொட்டுக் காட்டுங்கள். கிராமசபையில் அதை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். மண் கொட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.