கூரையைத் தூக்கியது காற்றா, நீரா? சூறாவளிக்குப் பின் தனியார் காப்புறுதி

(காட்சி: குச்சவெளிக் கடற்கரை, அதிகாலை)

வணக்கம். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு, புரெவிச் சூறாவளி இலங்கையின் கிழக்குக் கரையில் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையைக் கடந்தது. அஞ்சிய அளவுக்கு அது கோரமாக இருக்கவில்லை. ஆயினும் அன்றிரவு கண்விழித்திருந்தவர்கள் விடிந்ததும் முதலில் அண்ணாந்து பார்த்தது தங்கள் கூரையைத்தான். அது பறந்திருந்தால் மீண்டும் போடுவதற்கான பணத்தில் தனியார் காப்புறுதி நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்பதையே இந்த வீடியோ விளக்குகிறது.

இதில் நீண்ட அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. அங்கே ஹரிகேன் என்பதும் இங்கே சூறாவளி என்பதும் ஒரே வகைப் புயல்தான்.

(காட்சி: மிசிசிப்பிக் கரை, 2005)

அமெரிக்காவின் வழக்கமான வீட்டுக் காப்புறுதி, காற்றால் நேரும் சேதத்தை ஏற்கும். வெள்ளத்தையும், கடல் பொங்கி ஊருக்குள் வருவதையும் ஏற்காது. வெள்ளத்துக்கென 1968 இல் உருவான அரசாங்கத் திட்டத்தில் தனியாகச் சேர வேண்டும். 2005 இல் கத்ரீனா ஹரிகேன் வந்தபோது இந்தப் பிரிப்பே பெரும் வழக்குகளுக்கு வித்திட்டது. சேதத்தை மதிப்பிட வருபவர் தேடுவது சின்னஞ்சிறு தடயங்களை. காற்று கூரைத் தகட்டைக் கீழிருந்து தூக்கினால், ஆணி பிடித்திருந்த இடத்தைச் சுற்றித் தகடு கிழிந்திருக்கும். நீர் புகுந்து நின்றிருந்தால், சுவரில் மட்டமாக ஒரு சேற்றுக்கோடு படிந்திருக்கும். சேற்றுக்கோட்டுக்கு மேலே உள்ள சேதம் ஒருவர் கணக்கு, கீழே உள்ளது இன்னொருவர் கணக்கு. ஆனால் கரையோரத்தில் பல வீடுகளில் கொங்கிரீட் தளம் மட்டுமே எஞ்சியிருந்தது. சுவரே இல்லாத இடத்தில் கோட்டை எங்கே தேடுவது? காற்றும் நீரும் சேர்ந்து விளைவித்த சேதத்தையும் விலக்கும் வாசகம் பல காப்புறுதிப் பத்திரங்களில் இருந்ததால், வருடக்கணக்காகக் கட்டணம் செலுத்தியவர்களும் நீதிமன்றப் படியேற நேர்ந்தது.

நிறுவனங்களுக்கும் பாடம் கிடைக்காமல் இல்லை. கத்ரீனாவுக்கு முன்பே, 1992 இல் புளோரிடாவைத் தாக்கிய அன்ட்ரூ ஹரிகேன், ஏறத்தாழ 1,550 கோடி டொலர் காப்புறுதி இழப்பை ஏற்படுத்தியது; சிறிய நிறுவனங்கள் பல கடனிறுக்க முடியாமல் வீழ்ந்தன. அதன் பின்னரே கணினி மாதிரிகளைக் கொண்டு ஆபத்தைக் கணிப்பது வழமையாயிற்று. வீட்டுப் பெறுமதியின் 2 அல்லது 5 சதவீதத்தை உரிமையாளரே முதலில் பொறுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பரவியது. 3 இலட்சம் டொலர் வீட்டுக்கு 2 சதவீதமென்றால், முதல் 6,000 டொலர் உரிமையாளரின் சட்டைப்பையிலிருந்தே போகும். எஞ்சிய சுமையையும் உள்ளூர் நிறுவனம் தனியே தாங்குவதில்லை. பெருந்தொகைகளை லண்டன், பெர்மியூடா போன்ற இடங்களிலுள்ள மீள்காப்புறுதியாளர்களிடம், அதாவது காப்புறுதி நிறுவனங்களுக்கே காப்புறுதி வழங்குபவர்களிடம், பகிர்ந்துவிடும். ஒரு சூறாவளிக்குப் பிறகு அவர்கள் விலையை உயர்த்தினால், ஓடு கூட உடையாத வீட்டுக்காரரும் அடுத்த ஆண்டு கூடுதலாகக் கட்டுகிறார்.

(காட்சி: திருகோணமலை நகரம், வங்கி வாசல்)

நம் ஊருக்கு வருவோம். இங்கே பெரும்பாலும் தீக் காப்புறுதியோடு, மேலதிகக் கட்டணத்துக்குச் சூறாவளியும் வெள்ளமும் இணைப்பாகச் சேர்க்கப்படுகின்றன. இரண்டும் சேர்ந்திருந்தால் காற்றா நீரா என்ற வழக்கு அவ்வளவாக எழாது. அந்த இணைப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. சொந்த விருப்பத்தில் வீட்டைக் காப்புறுதி செய்பவர்கள் நம்மிடையே குறைவு. வங்கிக் கடன் வாங்கும்போது மற்றக் காகிதங்களோடு காப்புறுதிப் படிவத்திலும் கையெழுத்திடுகிறோம். இந்த உரையை எழுத உட்கார்ந்தபோதுதான் என் வீட்டுக் கடன் கோப்பை முதன்முறையாக முழுவதும் படித்தேன். காப்புறுதித் தொகையாக இருந்தது வீட்டின் பெறுமதி அல்ல, நான் வாங்கிய கடன் தொகை.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். மீளக் கட்ட 60 இலட்சம் ரூபா வேண்டிய வீடு, 30 இலட்சத்துக்கே காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது. புயலில் 10 இலட்சம் ரூபா சேதம். தொகை 30 இலட்சத்துக்குள் அடங்குவதால் முழுவதும் கிடைக்கும் என்றுதான் எவரும் நினைப்பார். பத்திரத்தில் விகிதாசார நிபந்தனை இருந்தால், பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவருக்குப் பாதி இழப்பீடே, அதாவது 5 இலட்சமே கிடைக்கும். கடந்த சில ஆண்டுகளில் சீமெந்தும் கம்பியும் விலையேறிய வேகத்தில், பழைய தொகையை அப்படியே புதுப்பித்து வருபவர்கள் தம்மை அறியாமலே இந்த நிலைக்கு வந்துவிட்டார்கள். என் பார்வையில் கத்ரீனாவின் காற்று-நீர் வழக்கைவிட நமக்கு நெருக்கமான ஆபத்து இதுதான்.

காப்புறுதியே இல்லாத வீடுகளுக்காக, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் வழியே அரசாங்கம் 2016 இல் ஓர் அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுச் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை உச்ச வரம்பு வைத்தது. அதற்கான வழி கிராம சேவையாளரும் பிரதேச செயலகமும். தனியார் பத்திரத்துக்கான வழி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர்.

(காட்சி: முற்றத்தில் குவிந்த கூரைத் தகடுகள்)

மதிப்பீட்டாளர் வந்து சேரச் சில நாட்கள் ஆகலாம், மழையோ காத்திருக்காது. ஆகவே உடனே நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டு, தகடுகளை அள்ளி ஓரத்தில் போடுவதற்கு முன் ஆணித்துளைகளையும் சுவரின் சேற்றுக்கோட்டையும் அருகில் சென்று படமெடுங்கள். அதன் பிறகு தார்ப்பாயை விரித்துக் கட்டுங்கள். அதை வாங்கிய பற்றுச்சீட்டையும் நனையாத இடத்தில் வையுங்கள்.