நின்னா உதறுது, நெரிசல்ல கொதிக்குது: ஒரு பழைய அம்பாசிடருக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. உசிலம்பட்டியில இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. 1989 மாடல் பெட்ரோல் அம்பாசிடர், அவங்க அப்பா வாங்குன வண்டி. ஸ்லோவுல, அதாவது நின்ன இடத்துல இன்ஜினைச் சும்மா ஓட விட்டா உதறுதாம், ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா ஆஃப் ஆயிருதாம். மதுரைக்குள்ள வந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசல்ல மாட்டுனா ஹீட்டு முள்ளு மடமடன்னு ஏறுதாம். ஆனா ஆண்டிப்பட்டி கணவாய் ஏறுறப்ப ஒண்ணுமே ஆகலையாம். கார்புரேட்டர் கிட்டு மாத்தியாச்சு, இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம அடைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டாச்சு. இப்ப மெக்கானிக் புது ரேடியேட்டர் போடச் சொல்றாராம், போடவான்னு கேக்குறாரு.

போடாதீங்கண்ணே. கணவாய்ல என்ன நடந்துச்சுன்னு நீங்களே எழுதிருக்கீங்க, பாதிப் பதில் அதுலயே இருக்கு. மேடு ஏறுறப்ப இன்ஜின் முழு பாரத்தையும் இழுக்குது. அம்புட்டுச் சூட்டையும் அந்த ரேடியேட்டர் ஆத்திருச்சுல்ல? போர் தண்ணி ஊத்தி உப்பு அடைச்ச ரேடியேட்டரா இருந்தா அங்கதான் முதல்ல கொதிச்சிருக்கும். நிக்கிறப்ப மட்டும் ஏறுதுன்னா ஒண்ணு காத்து பத்தல, இல்ல இன்ஜின் வேண்டாத சூட்டை உண்டாக்குது.

அம்பாசிடர்ல ஃபேன் கரண்டுல ஓடுறதில்ல. கிராங்க் புல்லியில இருந்து வர்ற பெல்ட்டுதான் ஃபேனையும் சுத்துது, வாட்டர் பம்பையும் சுத்துது. ஸ்லோ செத்துப்போயி உதறிக்கிட்டு இருந்தா ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், தண்ணியும் மெதுவாத்தான் ஓடும். அதனால உதறலையும் சூட்டையும் ரெண்டு வியாதியாப் பாக்காதீங்க. முதல்ல பெல்ட்டை விரலால அமுக்கிப் பாருங்க, தொளதொளன்னு இருந்தா இறுக்குங்க. அது ரெண்டு நிமிச வேலை.

அடுத்து கார்புரேட்டரை விட்டுட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடியைத் திறங்க. கிட்டு மாத்துனவரு, அதுக்குள்ள திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்குற பாயிண்ட்டைப் பாத்தாரான்னு நீங்க எழுதல, பாத்திருக்க மாட்டாருன்னு நெனைக்கிறேன். பாயிண்ட்ல கேம் மேல உரசுற குதி இருக்குல்ல, அது ஓட ஓடத் தேயும். தேஞ்சா இடைவெளி குறையும். இடைவெளி குறைஞ்சா பாயிண்ட் லேட்டாத் திறக்கும், ஸ்பார்க்கும் லேட்டா வரும். ஸ்பார்க் வர்ற நேரத்தை, அதான் டைமிங்கை, யாரும் தொடாமலே டைமிங் பின்னுக்குப் போயிரும். லேட்டா எரியுற பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளுறது கொஞ்சம், எக்சாஸ்ட் பக்கம் போயி ஹெட்டைச் சூடேத்துறதுதான் நிறைய. ஸ்லோவும் நிக்காது, வண்டியும் சூடாகும். உங்க ரெண்டு புகாரும் அதுலயே வந்துருச்சா? லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர்னா பாயிண்ட் இடைவெளி 15 தவ், அதாவது 0.015 இஞ்சு வைங்க. அட்டையைச் சொருகி செட் பண்றது அவசரத்துக்குச் சரி, வீட்டுக்கு வந்ததும் ஃபீலர் கேஜ் வச்சுப் பாருங்க. பாயிண்ட்டைச் சரி பண்ணிட்டு அதுக்கப்புறம்தான் டைமிங், மாத்திச் செஞ்சா திரும்பக் கலைஞ்சிரும். பிளக் இடைவெளி 25 தவ்.

இதுக்கும் உதறல் நிக்கலன்னா எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு தேடணும். வண்டியை ஸ்லோவுல விட்டு, பிளக் ஒயரை ஒவ்வொண்ணாக் கழட்டி மாட்டுங்க. இன்சுலேஷன் உள்ள பிளையர் வச்சுப் பிடிங்க, வெறுங்கையில பிடிச்சா நல்லா அடிக்கும். எந்த ஒயரைக் கழட்டுனா சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கெடக்கு.

ஒரே ஒரு சிலிண்டர்னா பிளக், ஒயர், டேப்பட் டைட்டு, வால்வுன்னு பாத்துக்கிட்டே போகலாம். ரெண்டு செத்திருந்தா எந்த ரெண்டுங்கிறதுதான் முக்கியம். இந்த 1489 சிசி இன்ஜின்ல நாலு சிலிண்டருக்கும் சேத்து ரெண்டே ரெண்டு இன்டேக் வழிதான். ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் ஒரு வழி, மூணும் நாலும் இன்னொரு வழி. அதனால 1, 2 சேந்து சொதப்புனா, இல்ல 3, 4 சேந்து சொதப்புனா, அந்தப் பக்கம் மேனிஃபோல்டு, அதாவது இன்டேக் குழாய், ஹெட்டோட சேர்ற இடத்துப் பேக்கிங்ல காத்து இழுக்குதுன்னு சந்தேகப்படலாம். 2, 3 சேந்து போச்சுன்னா கதை வேற. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். கம்ப்ரஷன் கேஜ் போட்டா ரெண்டுலயும் குறைச்சலாக் காட்டும்.

காத்து இழுக்குதான்னு பாக்க பெட்ரோலைத் தெளிக்கிற ஆளுங்க இருக்காங்க. வேண்டவே வேண்டாம், இந்த இன்ஜின்ல இன்டேக்கும் எக்சாஸ்டும் ஒரே பக்கம், பத்திக்கும். ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணியை எடுத்து பேக்கிங் ஓரத்துலயும் கார்புரேட்டர் அடியிலயும் லேசா அடிங்க. ஓட்டை இருக்குற இடத்துல தண்ணி பட்டா ஸ்லோ ஒரு நொடி மாறும். வேக்கூம் பிரேக் இருந்தா அதுக்குப் போற ஹோஸ் பைப்பையும் மடக்கிப் பிடிச்சுப் பாருங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வேக்கூம் டியூபைக் கழட்டி வாயால உறிஞ்சி அப்படியே பிடிங்க, உள்ள பிளேட்டு நகந்து அங்கேயே நிக்கணும்.

இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற இருக்கு. 2022ல 10 சதவீதம், 2025ல 20 சதவீதம்னு ஆயிருச்சு. எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்குறதால கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற பழைய ஜெட்டுக்குக் கலவை காத்து ஜாஸ்தியாப் போகும், பழைய ரப்பரும் ஊறிப்போகும். மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டியிருக்கும். ஆனா அது கடைசி வேலை, காத்து ஓட்டையை அடைக்காம ஸ்க்ரூவைத் திருகிப் பிரயோஜனமில்ல.

அந்தத் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டிருங்க. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குன்னு எல்லாப் பட்டறையிலயும் சொல்றாங்க, ஆனா அது இல்லன்னா காலையில இன்ஜின் சூடாக ரொம்ப நேரம் எடுக்கும், அதுவரைக்கும் ஸ்லோவும் ஒழுங்கா நிக்காது. தண்ணிக்கு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் போதும், போர் தண்ணி வேண்டாம். சூடா இருக்குறப்ப மூடியைத் திறக்காதீங்க. இவ்வளவும் பாத்த பிறகும் நெரிசல்ல முள்ளு ஏறுச்சுன்னா, அப்பக்கூட புதுசு வாங்காம, ரேடியேட்டரைக் கழட்டிக் குழாய்க்குள்ள கம்பி விட்டுச் சுத்தம் பண்ணித் தர்ற பட்டறைக்குக் கொண்டு போங்க.