கைப்பிறேக் போட்டிருந்ததா, இல்லையா?

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்குக் காரின் பின்னால் கரவன் (தங்கும் வசதியோடு இழுத்துச் செல்கிற வீட்டு வண்டி) பூட்டிக்கொண்டு போகிற பழக்கம் இங்கிலாந்தில் இருக்கிற எங்கள் உறவுகளிடமும் வந்துவிட்டது. சாய்வில் நிறுத்திய கரவன் பின்னால் உருண்டு ஒருவருடைய காலை நெரித்துவிட்டால், நட்டஈட்டு வழக்கில் முதல் கேள்வி இதுதான்: கரவனின் கைப்பிறேக் போட்டிருந்ததா? "போட்டனான்" என்று ஒருவர் சத்தியம் பண்ணுவார். "போட்டிருந்தால் ஏன் உருண்டது?" என்று எதிர்ப்பக்கம் கேட்கும். இரண்டு பேருமே பொய் சொல்லாதவர்களாக இருக்கலாம்.

அது எப்படி? அங்கத்தைய கரவன்களில் பெரும்பாலும் தள்ளுவிசையில் வேலை செய்கிற பிறேக்தான். கார் வேகம் குறைய, கரவன் முன்னால் தள்ளும். காரோடு பூட்டுகிற கொளுவியின் தண்டு உள்ளே போகும். அது கம்பியை இழுக்க, சக்கரத்துக்குள் பிறேக் சூ (உராய்ந்து சக்கரத்தை நிறுத்துகிற வளைந்த கட்டை) விரியும். காரைப் பின்னால் எடுக்கும்போதும் அதே தண்டு அமுங்கும் அல்லவா? அப்போது பிறேக் பிடிக்காமல் இருக்க, சக்கரம் பின்பக்கம் சுழன்றால் சூ தானாகத் தளரும்படி செய்திருக்கிறார்கள். கைப்பிறேக் விரிப்பதும் இதே சூவைத்தான். ஆகவே மேட்டைப் பார்த்து நிறுத்திய கரவன், கைப்பிறேக் போட்டிருந்தாலும் கொஞ்சம் பின்னால் உருண்டுதான் இறுகும். அந்தத் தளர்வை ஈடுசெய்து மேலும் இழுப்பது கைப்பிடியோடு இருக்கிற சுருளி (ஸ்பிரிங்). கைப்பிடியை முழுக்க மேலே இழுக்காவிட்டால் அந்தச் சுருளியால் போதிய அளவு இழுக்க முடியாது.

யாழ்ப்பாணம் சமதரை. இங்கே அரைகுறையாக இழுத்துவிட்டு இறங்கினாலும் வாகனம் நிற்கும். வேல்ஸ் மலைச் சாய்வில் நிற்காது.

ஆகவே வாகனத்தைப் பரிசோதிக்கிற நிபுணர் முதலில் பார்க்க வேண்டியது, கைப்பிடி எத்தனையாவது பல்லில் நின்றது, அதாவது எவ்வளவு மேலே இழுத்திருந்தார்கள் என்பதை. பிறகு சக்கரத்தைக் கழற்றி, சூ தேய்ந்த அளவையும், சரிக்கட்டலைச் சக்கரத்தில் செய்தார்களா, கம்பியை மட்டும் இறுக்கிச் சமாளித்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும். தேய்ந்த சூ கண்டதும் "இதுதான் காரணம்" என்று எழுதுகிற அறிக்கையை நான் ஏற்கமாட்டேன். தேய்மானம் ஒரு குறை. விபத்துக்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி. மழையில் மாதக்கணக்கில் நின்ற வாகனத்தின் துரு, விபத்துக்குப் பிறகு வந்ததாகவும் இருக்கலாம்.

எங்கள் இலங்கை நீதிமன்றங்களிலும் இதே நியாயம்தான். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 45ஆம் பிரிவில் நிபுணரின் அபிப்பிராயத்துக்கு இடம் கொடுக்கிறது. 51ஆம் பிரிவு அந்த அபிப்பிராயத்துக்கான காரணங்களையும் சாட்சியத்துக்குள் கொண்டுவருகிறது. "பிறேக் பழுது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணையில் நின்றுபிடிக்க ஏலாது. இங்கிலாந்தின் குடியியல் நடைமுறை விதிகளில் 35ஆம் பகுதி இன்னும் வெளிப்படை: காசு கொடுப்பவர் யாராக இருந்தாலும், நிபுணரின் கடமை முதலில் நீதிமன்றத்துக்கே.

என்னை வருத்துவது இதுதான். இங்கே லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) இழுக்கிற பெட்டியோ லொறியோ மோதினால், ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுபோய்ப் பிறேக்கைச் சரிக்கட்டிவிடுகிறார்கள். காயப்பட்டவரின் வழக்கில் பாதி அங்கேயே போய்விடுகிறது. ஆகவே உறவினரில் ஒருவர் உடனே கைப்பிடி, சக்கரம், நிலத்துச் சாய்வு எல்லாவற்றையும் படம் பிடிக்கட்டும். பிறேக்கில் கை வைக்க வேண்டாம் என்று சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேளுங்கள். இத்தகைய நட்டஈட்டு வழக்கைப் போட இலங்கையில் 2 ஆண்டுகள், இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டுகள் தவணை இருக்கிறது. கழற்றி எறிந்த சூ அதுவரை கராஜில் கிடக்காது.